பி.எம்.ஐ (உயரத்துக்கேற்ற நிறையின் அளவு) 36 என்று சொல்லி அம்மாவை முழங்கால் சத்திரசிகிச்சைக்கு அனுப்ப மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

வடலி எழுதியது:

வணக்கம். இங்கிலாந்தின் அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ்ஸின் நடைமுறை தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்வு. வலது காலில் மூட்டு இடைவெளியே இல்லை என்று எக்ஸ்ரே அறிக்கை சொல்கிறது. மாடி ஏற முடியாததால் அவருடைய கட்டிலைக் கீழே வரவேற்பறைக்கு இறக்கிவிட்டோம். ஈலிங் அம்மன் கோயில் தேருக்கு ஆண்டுதோறும் தவறாமல் போனவர், இப்போது வீட்டு வாசலுக்குப் போகவே கைத்தடி தேடுகிறார். இரவில் புரண்டு படுக்கும்போது அவர் முனகுவது மாடியில் எனக்குக் கேட்கிறது.

மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு அனுப்பும்படி எங்கள் குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் கேட்டோம். நல்ல மனிதர்தான். ஆனால் பி.எம்.ஐ 35க்குக் கீழே வந்தால்தான் அனுப்பலாம் என்பது இந்தப் பகுதியின் விதி, தன் கையில் ஒன்றுமில்லை என்கிறார். தாதி அளந்தபோது நிறை 84 கிலோ, உயரம் 152 சென்ரிமீற்றர், பி.எம்.ஐ 36.4. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்: அம்மா இந்த நாட்டுக்கு வந்த காலத்துப் பதிவில் அவருடைய உயரம் 155. அதே உயரம் இன்றும் இருந்திருந்தால் இதே 84 கிலோவுக்கு 34.96 வரும், விதிக்கு உள்ளே நின்றிருப்பார். முதுமையும் வளைந்த கால்களும் எடுத்துக்கொண்ட 3 சென்ரிமீற்றர், கொழுப்பாகக் கணக்கில் ஏறுகிறது.

நிறை குறைக்கும் மவுன்ஜாரோ ஊசியையும் கேட்டுப் பார்த்தேன். அதற்கு எங்களைப் போன்ற தெற்காசியருக்கு பி.எம்.ஐ 37.5 வேண்டுமாம், நிறை சார்ந்த ஐந்து நோய்களில் குறைந்தது நான்கு இருக்க வேண்டுமாம். அம்மாவுக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் மட்டுமே. முழங்காலுக்கு நிறை அதிகம், ஊசிக்கு நிறை போதாது. நடக்க முடியாத ஒருவர் எப்படி இளைப்பார்?

இன்னொரு பயமும் இருக்கிறது. தெற்காசியருக்கு எல்லைகளை 2.5 குறைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்களே, நாளைக்கு 35 என்பதை எங்களுக்கு 32.5 ஆக்கிவிடுவார்களா?

பழைய பிஸியோ எழுதியது:

தங்கச்சி, நான் ஓய்வுபெற்ற இயன்மருத்துவர். முழங்கால் நோயாளிகளோடுதான் என் வேலைக்காலம் போனது. கேட்ட ஒழுங்கில் சொல்லவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் பயம். தெற்காசியருக்கான குறைந்த எல்லை, அதாவது 23 தாண்டினால் அதிக நிறை, 27.5 தாண்டினால் உடற்பருமன் என்பது, எங்களுக்கு நீரிழிவும் இதயநோயும் குறைந்த நிறையிலேயே வந்துவிடுவதால் ஏற்பட்டது. உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004இல் இந்த எண்களை முன்வைத்தது. நோயை முன்கூட்டிப் பிடிக்கவும் உதவியை முன்கூட்டிக் கொடுக்கவும் வந்த எண் அது. மூட்டுச் சத்திரசிகிச்சையை மறுக்க அதை யாராவது காட்டினால், எந்த ஆதாரத்தில் என்று எழுத்தில் கேளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். எந்தச் சிகிச்சையை எப்படிக் கொடுப்பது என்று என்.எச்.எஸ்ஸுக்கு அறிவுரை சொல்லும் நிறுவனம் நைஸ். மூட்டுத் தேய்வுக்கான அதன் வழிகாட்டி 2022 அக்டோபரில் புதுப்பிக்கப்பட்டது, எண் என்.ஜி.226. வயது, புகைபிடித்தல், பி.எம்.ஐ போன்ற அளவால் காணும் உடற்பருமன் ஆகியவற்றைக் காரணம் காட்டி மூட்டு மாற்றுக்கான பரிந்துரையிலிருந்து ஒருவரை விலக்கக்கூடாது என்று அது நேரடியாகவே சொல்கிறது. அதற்கு முந்தைய 2014 வழிகாட்டியிலும் இந்தக் கருத்து இருந்தது. ஜி.பி.க்கு இது தெரியாமல் இருக்காது. ஆனால் நைஸ் வழிகாட்டி அறிவுரைதான், சட்டம் இல்லை. பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் உள்ளூர்ச் சபைகள், இப்போது ஐ.சி.பி என்கிறார்களே, அவை தங்களுக்கென்று விதி வைத்துக்கொள்கின்றன. ஒரு மாவட்டத்தில் 40, அடுத்த மாவட்டத்தில் 35, இன்னொன்றில் எல்லையே இல்லை என்ற நிலை இப்படித்தான் வந்தது.

இதற்குள் பணம் எங்கே நுழைகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். 2016இல் யோர்க் பகுதியின் அன்றைய சபை கடும் பற்றாக்குறையில் இருந்தபோது, பி.எம்.ஐ 30க்கு மேற்பட்டவர்களின் அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளை ஓராண்டு வரை தள்ளிவைக்கத் திட்டம் போட்டது. புகைபிடிப்பவர்களுக்கு ஆறு மாதம். சத்திரசிகிச்சை நிபுணர்களின் ரோயல் கல்லூரி கடுமையாக எதிர்த்தது. என்.எச்.எஸ் இங்கிலாந்து தலையிட்டு மறுபரிசீலனை செய்யச் சொன்னது. ஒரு சத்திரசிகிச்சையை ஓராண்டு தள்ளினால் செலவு அடுத்த நிதியாண்டின் கணக்குக்குப் போய்விடும், காத்திருப்போர் பட்டியலும் குட்டையாகத் தெரியும். உங்கள் அம்மா பரிந்துரைக்கப்படவே இல்லை என்பதால் 18 வாரக் கடிகாரம், அதாவது பரிந்துரைத்த நாளிலிருந்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற கெடு, அவருக்கு ஓடவே தொடங்கவில்லை. வலி நிவாரணிக்கும் விழுந்து எலும்பு முறிவதற்கும் ஆகும் செலவு வேறு பக்கத்தில் எழுதப்படும். இதை நியாயம் என்று ஏற்க என்னால் முடியாது.

ஊசியின் கதையும் இதேதான். நைஸ் 2024 டிசம்பரில் அனுமதித்தபோது பி.எம்.ஐ 35, தெற்காசியருக்கு 32.5, நிறை சார்ந்த ஒரு நோய் இருந்தால் போதும் என்றது. அந்தக் கணக்கில் அம்மா தகுதியானவர். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கப் பணமும் ஆளும் இல்லை என்பதால் 12 ஆண்டு வரை படிப்படியாகக் கொடுக்க ஒப்புதல் கிடைத்தது, முதல் மூன்று ஆண்டுகளில் சுமார் 2,20,000 பேருக்கு. 2025 ஜூனில் தொடங்கிய முதல் கட்டத்தின் எல்லைதான் உங்களிடம் சொல்லப்பட்ட 37.5உம் நான்கு நோயும்.

தியேட்டர் தாதி எழுதியது:

வடலி அக்கா, நான் சத்திரசிகிச்சைக்கூடத்தில் வேலை செய்யும் தாதி. ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நிறை கூடும்போது காயத்தில் கிருமித்தொற்றும் மயக்க மருந்தின் சிக்கல்களும் கூடுவது உண்மை. 40ஐத் தாண்டியவர்களைப் பற்றி எங்கள் மருத்துவர்கள் உண்மையாகவே கவலைப்படுவார்கள். ஆனால் அதை இதயம், நுரையீரல், சர்க்கரை எல்லாம் பார்த்து அந்த ஆளுக்கென்று முடிவு செய்வார்கள். எச்.பி.ஏ.1.சி (கடந்த சில மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரை) கட்டுக்குள் இல்லாத மெலிந்தவரைத் திருப்பி அனுப்பியதும் உண்டு, பி.எம்.ஐ 38 உள்ளவர் நன்றாகத் தேறிப் போனதும் உண்டு. அம்மாவின் சர்க்கரை அளவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அது நிறையைவிடப் பெரிய வாதம்.

அந்தச் சர்க்கரை கட்டுப்படவில்லை என்றால், மவுன்ஜாரோவை நீரிழிவு மருந்தாகத் தரும் வழி தனியாக இருக்கிறது. நிறை குறைப்புத் திட்டத்தின் நான்கு நோய் நிபந்தனை அதில் இல்லை. வேறு மாத்திரைகள் பலன் தராதபோது கொடுப்பார்கள். நீரிழிவுத் தாதியிடம் நேரே கேளுங்கள். அதோடு, இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்களுக்கு 12 வார இணையவழி நிறை குறைப்புத் திட்டம் இருக்கிறது. எங்களுக்கு 27.5இலிருந்தே தகுதி, மருந்தகத்திலும் பதியலாம். ஆங்கிலம் தடையென்றால் நீங்கள் பக்கத்தில் இருந்து செய்யலாம்.

வடலி எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஜி.பி.யிடம் மறுப்பை எழுத்தில் கேட்கப்போகிறேன். வேறு ஊர் மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தால் இந்த விதியிலிருந்து தப்பலாமா? உயரத்தைத் திரும்ப அளக்கச் சொல்வது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியுமா?

பழைய பிஸியோ எழுதியது:

வேறு ஊர் உதவாது. பணம் கொடுப்பது உங்கள் பகுதிச் சபை, அதன் விதி அம்மாவோடு கூடவே போகும். அந்த விதியின் எழுத்துப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பல விதிகளில் கடும் வலி, தன் வேலையைத் தான் செய்ய முடியாத நிலை ஆகியவற்றுக்கு விலக்கு எழுதப்பட்டிருக்கும், யாரும் படித்துச் சொல்வதில்லை. கட்டில் கீழே இறங்கியது, இரவு வலி, எக்ஸ்ரே அறிக்கை மூன்றையும் கடிதத்தில் எழுதி, என்.ஜி.226ஐக் குறிப்பிட்டு ஜி.பி.க்கும் ஐ.சி.பி.யின் முறைப்பாட்டுப் பிரிவுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். விலக்கு இல்லையென்றால் தனிநபர் நிதிக் கோரிக்கை என்று ஒன்று உண்டு, விதிக்கு வெளியே ஒருவருக்கு மட்டும் பணம் ஒதுக்கக் கேட்பது. அதை ஜி.பி. போன்ற மருத்துவர் ஒருவர்தான் போட வேண்டும்.

உயரம் கேட்பது சிறுபிள்ளைத்தனம் இல்லை. முழங்கால் நிமிராத, கால் வளைந்த ஒருவரைச் சுவரில் நிறுத்தி அளந்த உயரம் அவருடைய உண்மையான உயரம் ஆகாது. நிற்க முடியாதவர்களுக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள எலும்பின் நீளத்தை வைத்து உயரத்தை மதிப்பிடும் அட்டவணை என்.எச்.எஸ் வார்டுகளில் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்து, இரண்டு எண்களையும் பதிவில் எழுதச் சொல்லுங்கள்.