கலைச்சொல்: ஆள்விவர அட்டவணையில் பால், பாலினம்

> புலத்தின் (field, அட்டவணையில் ஒரு விவரத்துக்கான இடம்) பெயர் 'பால்' என்றே இருக்கட்டும், சுருக்கமாக உள்ளது.

சுருக்கம்தான். ஆனால் தேடினால் பசும்பாலும் கூடவே வரும்; இலக்கணத்திலோ பால் ஐந்து. 'பாலியல்' வேண்டவே வேண்டாம், அதன் பொருள் வேறு.

பெயருக்கு முன், அந்தப் புலத்தில் எதைச் சேமிக்கிறோம் என்று பார்ப்போம். ஆவணத்தில் உள்ளது, ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்வது, அவரை விளிக்கும் முறை என்று மூன்றையும் ஒன்றில் திணிக்கிறோம். முதலாவதற்குப் 'பதிவுப்பால்', இரண்டாவதற்குப் 'பாலின அடையாளம்' என்பது என் முன்மொழிவு. மூன்றாவதற்குத் தமிழில் புலமே தேவையில்லை. 'படத்தை மாற்றினார்' என்றால் யாருக்கும் பொருந்தும். 'மாற்றினான்/மாற்றினாள்' என்று சாய்கோடு போட்டு மொழிபெயர்ப்பவர்கள்தான் வம்பை விலைக்கு வாங்குகிறார்கள். திரு, திருமதி வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், பாலிலிருந்து ஊகிக்காதீர்கள்.

குறிகளுக்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 5218 என்ற பன்னாட்டுத் தரம் இருக்கிறது: 0 தெரியவில்லை, 1 ஆண், 2 பெண், 9 பொருந்தாது. வாடிக்கையாளர் அட்டவணையில் நிறுவனமும் இருந்தால் 9 உதவும். கடவுச்சீட்டில் ஆண், பெண் என்றில்லாமல் 'எக்ஸ்' உள்ளவருக்கு மட்டும் இதில் இடமில்லை.

---

> 0, 9 இரண்டையும் விட்டுவிட்டு வெற்றாக வைத்தால் என்ன?

வினவலில் மாட்டிக்கொள்வோம். தரவுத்தள வினவல் மொழியான எஸ்கியூஎல்லில் '2 அல்லாதவை' என்று கேட்டால் வெற்று (null) மதிப்புள்ள நிரைகள் வராது. அந்த ஒப்பீட்டின் விடை மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை. மெய்யானவை மட்டுமே வெளியே வரும். பெண்கள், பெண் அல்லாதோர் இரண்டையும் கூட்டினால் மொத்தம் இடிக்கும். 'இன்னும் கேட்கவில்லை', 'சொல்ல விரும்பவில்லை' இரண்டும் வேறு என்பதும் முக்கியம்: முன்னவரிடம் படிவம் மறுபடி கேட்கலாம், பின்னவரிடம் கூடாது.

எனவே புலத்தைக் கட்டாயமாக்கி, குறிகளைத் தனி அட்டவணையில் வைத்து, அயல் திறவுகோலால் (foreign key, அந்த அட்டவணையின் நிரையைச் சுட்டும் புலம்) இணைப்பதே நல்லது. 'எக்ஸ்' சேர்க்க ஒரு நிரை போதும். 'ஆணா?' என்று ஆம்/இல்லை புலம் வைத்தவர்கள் அட்டவணையையே மாற்ற வேண்டிவரும்.

அடையாளத்துக்கு தொடர்பு விவரங்களைப் பரிமாறும் வடிவமான வீகார்டு 4 (இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 6350, 2011) செய்வது பிடித்திருக்கிறது: ஓரெழுத்துக் குறி, அதோடு விருப்பம்போல் எழுத ஓர் உரை. திருநங்கை, திருநம்பி என்று அவரவரே எழுதலாம். 'மற்றவை' என்று ஒதுக்க வேண்டாம். அந்த உரையை யூனிகோடு என்எஃப்சி (எழுத்துகளின் குறியெண்களைச் சீராக்கும்) வடிவத்தில் சேமியுங்கள். ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியெண்ணாகவும் இரண்டாகவும் உள்ளிட முடியும். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் தேடலில் பொருந்தாது.

மேலே முன்மொழிந்த 'பதிவுப்பால்' இப்போது எனக்கு ஒட்டவில்லை. படிவம் நிரப்புவோருக்குப் பழகிய சொல் பாலினம்தான். 'ஆவணப் பாலினம்' என்று வைக்கலாமா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.