பகத் சிங்கின் தொப்பியைத் தில்லியில் செய்வித்த அனுபவம்

முனிர்காவிலிருந்து

சென்ற மார்ச் 23ஆம் நாள் எங்கள் தமிழ் நாடகக் குழு பகத் சிங்கைப் பற்றிய ஒரு மணி நேர நாடகத்தை மேடையேற்றியது. ஆடை அணிகலப் பொறுப்பு என்னுடையது. அந்த நாடகத்துக்காக, ஃபெல்ட் எனப்படும் இறுகிய கம்பளியில் தொப்பி ஒன்றை அளவெடுத்துச் செய்வித்த கதையை, இத்தகைய வேலையில் இறங்க விரும்புவோருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

பகத் சிங்கின் படங்களாக நமக்கு உறுதியாகக் கிடைத்திருப்பவை நான்கே நான்கு. சிறுவனாகத் தலைப்பாகையுடன் ஒன்று. லாகூர் நேஷனல் கல்லூரியில் நாடகக் குழுவினருடன் ஒன்று. 1927இல் காவலில் இருந்தபோது கயிற்றுக் கட்டிலில் அமர்ந்தபடி ஒன்று. தொப்பியணிந்த படம் நான்காவது. அந்த நான்காவது படம் நம் தில்லியில், கஷ்மீரி கேட் பகுதியிலிருந்த ஒரு புகைப்பட நிலையத்தில், 1929 ஏப்ரல் 8ஆம் நாள் மத்தியச் சட்டமன்றத்தில் குண்டு வீசப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு எடுக்கப்பட்டது. நாம் பேருந்து ஏறி இறங்கும் இடத்தில் எடுத்த படம் என்பது தெரிந்த நாளிலிருந்து, அந்தத் தொப்பியை ஏனோதானோவென்று செய்துவிடக் கூடாது என்ற பிடிவாதம் எனக்கு வந்துவிட்டது.

முதலில் இணையத்தில் ‘முழுக் கம்பளி’ என்று விற்கப்பட்ட ஒரு தொப்பியை வாங்கினோம். கெட்டியாக, பளபளப்பாக, பசை நாற்றத்துடன் வந்தது. கொதிக்கும் கெண்டியின் ஆவியில் காட்டியும் அது வளைந்து கொடுக்கவில்லை. ஓரத்திலிருந்து ஓர் இழையைப் பிய்த்துத் தீயில் காட்டியபோது அது உருகிச் சிறு மணியாக உறைந்தது. உண்மையான கம்பளியாக இருந்தால் முடி கருகும் வாடை வந்திருக்கும், எஞ்சியதை விரலால் நசுக்கினால் பொடியாகியிருக்கும். அதைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

அதன் பிறகு, ராணுவக் கணக்குத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஓர் ஐயா வழிகாட்டியதன் பேரில், தில்லி கன்டோன்மென்ட் பகுதியில் சீருடைத் தொப்பிகள் செய்யும் ஒரு மாஸ்டர்ஜியைத் தேடிப் போனேன். கூர்க்கா படையினர் அணியும் அகன்ற தொப்பியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஃபெல்ட் தொப்பிக்குள் இன்னொன்றைப் பொருத்தி இரண்டு அடுக்காகச் செய்வது அது. அதிலேயே கை தேர்ந்தவரிடம் ஓர் அடுக்குத் தொப்பியைக் கேட்பது எளிது என்று நினைத்துக்கொண்டு போனேன். அவரோ படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “சாப், உங்களுக்கு இந்தத் தொப்பி வேண்டுமா, அல்லது அணியப் போகும் பையனுக்கு இது பொருந்த வேண்டுமா?”

அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு அன்று முழுதாக விளங்கவில்லை. படத்தில் தொப்பி சற்றுச் சாய்ந்திருக்கிறது; அதனால் தலையை மூடும் பகுதியான கூட்டின் உயரத்தை நேராக அளந்து எடுத்துக்கொள்ள முடியாது. மோவாயிலிருந்து புருவம் வரையுள்ள நீளத்தை ஓர் அலகாக வைத்துக்கொண்டு, கூடு அதில் எத்தனை பங்கு, விளிம்பு எத்தனை பங்கு என்று அவர் காகிதத்தில் குறித்தார். பிறகு அதே பங்குகளை எங்கள் நடிகரின் முகத்துக்குப் பொருத்தினார். பகத் சிங்காக நடித்த தம்பிக்கு 21 வயது. படம் எடுக்கப்பட்டபோது பகத் சிங்கின் வயதும் அதுவே. ஆனால் தம்பியின் முகம் நீளம் குறைந்தது. படத்தில் உள்ளதை அப்படியே சென்டிமீட்டர் கணக்கில் எடுத்திருந்தால் தொப்பிதான் தெரிந்திருக்கும், முகம் அதன் கீழே மறைந்திருக்கும். விளிம்பை 6 சென்டிமீட்டராகவும் கூட்டை முதலில் நான் கேட்டதைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவாகவும் வைத்தார்.

நிறத்தைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடந்தது. படம் கறுப்பு வெள்ளை. நாம் சுவரொட்டிகளில் பார்க்கும் நிறங்கள் எல்லாம் பின்னாளில் ஓவியர்கள் தீட்டியவை. எங்கள் குழுவில் சிலர் பழுப்பு என்றார்கள், சிலர் சாம்பல் என்றார்கள். மேடை விளக்கில் முகத்தைத் தனித்துக் காட்டக்கூடியது என்பதால் நடுத்தரச் சாம்பலைத் தேர்ந்தோம். இதை வரலாறு என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். நிகழ்ச்சித் தாளிலும் ‘நிறம் எங்கள் தேர்வு’ என்றே அச்சிட்டோம்.

இனி வேலை நடந்த விதத்தைச் சொல்கிறேன், ஏனெனில் நான் மிகவும் ரசித்தது அதைத்தான். ஃபெல்ட் என்பது நெய்த துணி அல்ல. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. ஈரமும் சூடும் அழுத்தமும் சேரும்போது அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பிரிக்க முடியாதபடி இறுகிவிடுகின்றன. காஷ்மீரத்து நம்தா விரிப்பும் இதே முறையில் உருவாவதுதான். நம்தாவை வெட்டித் தொப்பி செய்யலாமே என்று நான் கேட்டபோது, அதன் இழை முரடு, அச்சின் மேல் இழுத்தால் ஒரே சீராக நீளாது என்று மாஸ்டர்ஜி விளக்கினார். தொப்பிக்கென்றே கூம்பு வடிவில் வரும் கம்பளி ஃபெல்ட்டை அவர் வரவழைத்தார்.

அச்சுக்குத்தான் நாள் பிடித்தது. அவர் அதைக் கல்பூத் என்று சொன்னார். அவரிடமிருந்த கல்பூத்துகள் எல்லாம் சீருடைத் தொப்பிகளுக்கானவை. 1920களின் வடிவத்துக்கு ஏற்றது ஒன்றுகூட இல்லை. கீர்த்தி நகரில் ஒரு மரவேலைக்காரரிடம் மாமரத்தில் புதிதாகக் கடைந்து வாங்கினோம். தலையின் சுற்றளவு 59 சென்டிமீட்டர். சுற்றளவு தெரிந்தால் போதாது. தம்பியின் தலை முன்பின்னாக நீண்ட முட்டை வடிவம் என்பதால், நெற்றியைச் சுற்றி ஈயக் கம்பியை வளைத்து, அதைக் காகிதத்தில் வைத்துக் கோடு இழுத்து, அந்தக் கோட்டின்படி மரத்தைச் சீவச் சொன்னார். வட்டமான அச்சில் செய்த தொப்பி நீண்ட தலையில் ஏறினால் நெற்றியையும் பிடரியையும் இறுக்கும், காதுகளுக்கு மேல் இடைவெளி விடும். கடையில் வாங்கும் தொப்பி பலருக்குத் தலைவலி தருவதன் காரணம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஆவியில் பதமான ஃபெல்ட்டை அச்சின் மேல் இரு கைகளாலும் இழுத்து அமர்த்தி, கூடும் விளிம்பும் சந்திக்கும் கோட்டில் கயிற்றைக் கட்டி, அப்படியே உலர விட்டார். சனவரி மூடுபனியில் அது முழுதாக உலர நான்கு நாட்கள் ஆயின. அதன் பிறகு உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, விளிம்பை வெட்டி, ஈரத் துணி போட்டு இஸ்திரி செய்தார். விளிம்பு தளராமல் நிற்பதற்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை உட்புறமாகத் தடவினார். ஜார்கண்டின் மரங்களில் பூச்சிகள் சுரக்கும் அதே அரக்குதான். நம் வீட்டுக் கதவுகளுக்குப் பூசும் மெருகும் அதுதான். ஆட்டுத் தோலில் வியர்வைப் பட்டியைக் கையால் தைத்து, ஆண்களின் தொப்பியில் வழக்கமாக இருப்பதைப் போல ரிப்பன் முடிச்சை இடப்புறம் வைத்து, பிப்ரவரி முதல் வாரத்தில் கையில் கொடுத்தார். கல்பூத்தின் விலையையும் சேர்த்து மொத்தம் 6,400 ரூபாய் ஆயிற்று. பாதியை முன்பணமாகக் கொடுத்திருந்தோம். அவர் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை.

தவறு எங்கள் பக்கம் நடந்தது. டிசம்பரில் அளவெடுத்தபோது தம்பிக்குக் கழுத்து வரை அடர்ந்த முடி இருந்தது. பிப்ரவரி நடுவில் வேடத்துக்காக அவன் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டான். அன்று மாலை ஒத்திகையில் தொப்பியை வைத்தால் அது புருவத்தைத் தாண்டி இறங்கிவிட்டது; அளந்து பார்த்தால் சுற்றளவு 58. பதறிக்கொண்டு ஓடினேன். மாஸ்டர்ஜி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. விளிம்பை வெட்டியபோது மிஞ்சிய ஃபெல்ட்டை ஒரு தாளில் சுற்றி எங்கள் பெயர் எழுதி வைத்திருந்தார். அதிலிருந்து மெல்லிய கீற்றுகளைச் சீவி, தோல் பட்டிக்குப் பின்னால் முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று என்று செருகினார். அரை மணி நேரத்தில் தொப்பி தலையில் நின்றது. வேடத்துக்காக முடி வெட்டுவதாக இருந்தால், வெட்டிய பிறகே அளவு கொடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

மேடையில் அவன் வந்து நின்று, வார்த்தை ஏதும் பேசாமல், தொப்பியைச் சற்றே சாய்த்துக்கொண்ட நொடியில் அரங்கம் அமைதியானது. என் பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு வயதான அம்மா கைகூப்பினார்.

மயூர் விஹாரிலிருந்து

ஐயா, மிகுந்த பயனுள்ள பகிர்வு. என் அனுபவம் சிறியது, ஆனால் பெண்களுக்குத் தொப்பி செய்விக்க விரும்புவோருக்கு உதவலாம். என் மகள் கல்லூரி விழா ஒன்றுக்காக 1920களில் ஐரோப்பியப் பெண்கள் அணிந்த க்ளோஷ் தொப்பியைச் செய்து தரும்படி ஆடை வடிவமைப்புப் படிக்கும் ஒரு பெண்ணிடம் கேட்டாள். க்ளோஷ் என்றால் பிரெஞ்சில் மணி. பெயருக்கேற்ப, கவிழ்த்த மணியைப் போல நெற்றியை மூடிக்கொண்டு தலையோடு ஒட்டி அமர்வது. தொப்பி அழகாகவே வந்தது. ஆனால் அந்தத் தொப்பி, காதளவுக்கு முடியைக் கத்தரித்துக்கொண்ட பெண்களுக்காகப் பிறந்தது என்பதை நாங்கள் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. என் மகளுக்கு இடுப்பு வரை பின்னல். கொண்டை போட்டால் தொப்பி மேலே எழும்பி நின்றது, அவிழ்த்துவிட்டால் பின்விளிம்பைத் தூக்கியது. முடிவில் பின்னலைப் பிடரிக்குக் கீழே, கழுத்தோடு ஒட்டித் தட்டையாகச் சுற்றிப் பின் குத்தினோம். பின்விளிம்பை ஒரு விரற்கடை குறைத்து மறுபடியும் ஆவியில் பிடித்தார்கள். முடியை வெட்டிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். தொப்பிதான் தலைக்கு ஏற்ப மாற வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன், இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இரண்டாவதாக என் மகளுக்கு ஆண்கள் அணியும் வடிவிலேயே ஒரு தொப்பி செய்ய ஆசை. உங்கள் கல்பூத்தை நாங்கள் பயன்படுத்திக்கொள்ள முடியுமா? அவள் தலைச் சுற்றளவு 55.

ஜனக்புரியிலிருந்து

புதிதாகச் செய்விப்பதை விட்டுவிட்டு, பழைய தொப்பி ஒன்றைப் பழம்பொருள் கடையில் வாங்கிச் சீர்செய்யலாம் என்று எண்ணுவோருக்கு ஒரு எச்சரிக்கை. நான் அப்படித்தான் தொடங்கினேன். முயல் போன்ற பிராணிகளின் மென்முடியில் செய்யும் உயர்ரக ஃபெல்ட்டுக்கு, முடி எளிதில் இறுக வேண்டும் என்பதற்காக, முற்காலத்தில் பாதரச உப்பைப் பயன்படுத்தினார்கள். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுக்கமும் மனக்கலக்கமும் உண்டாயின. அமெரிக்காவில் இது 1941 டிசம்பரில்தான் நிறுத்தப்பட்டது. ஆகவே அதற்கு முந்தைய தொப்பி என்று சந்தேகம் இருந்தால் வீட்டில் ஆவி பிடிப்பதும் உப்புத்தாள் போடுவதும் கூடவே கூடாது. கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது நான் செய்த பிழை. கம்பளி ஃபெல்ட்டில் புதிதாகச் செய்வித்த தொப்பி சென்ற ஆகஸ்டு மழையில் நனைந்துவிட்டது. அவசரப்பட்டு மின்சார ஹீட்டருக்கு அருகில் வைத்தேன். ஒரே இரவில் அது தலையில் ஏறாத அளவுக்குச் சுருங்கியது, தோல் பட்டியும் விறைத்தது. நனைந்தால் நீரை உதறிவிட்டு, வியர்வைப் பட்டியை வெளிப்புறமாகத் திருப்பி, கூடு கீழேயும் விளிம்பு மேலேயும் இருக்கும்படி தலைகீழாக வைத்து, காற்றோட்டத்தில் தானாக உலரவிட வேண்டும் என்று பிறகுதான் கற்றுக்கொண்டேன். விளிம்பைத் தரையில் படுமாறு வைத்தால் அது தட்டையாகிவிடும்.

முனிர்காவிலிருந்து மீண்டும்

சகோதரி, கல்பூத்தைத் தருவதில் எங்களுக்கு எந்தத் தடையும் இல்லை, ஆனால் அது உங்களுக்குப் பயன்படாது. எங்களுடையது 59க்குக் கடைந்தது. 55க்கு இறக்குவதற்கு எவ்வளவு ஃபெல்ட்டைச் செருகினாலும் கூடு ஊதித் தெரியும். உங்கள் மகளையும் ஒரு ஈயக் கம்பியையும் அழைத்துக்கொண்டு போய், அவள் வழக்கமாகப் பின்னலை எப்படி முடிந்துகொள்வாளோ அப்படியே முடிந்த நிலையில் அளவு கொடுங்கள். மழைக்காலம் முடிந்தவுடன் சொல்லிவிட்டால் குளிருக்குள் கிடைத்துவிடும். டிசம்பரில் போனால் மூடுபனியில் உலர்த்துவதற்கே நாட்கள் போய்விடும்.

ஜனக்புரி ஐயா கேட்காமலே ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: கோடையில் எங்கள் தொப்பியை உலர்ந்த வேப்பிலையுடன் அட்டைப் பெட்டியில் வைத்திருக்கிறோம், மாதம் ஒரு முறை திறந்து தூரிகையால் தட்டிப் பார்க்கிறோம், ஏனெனில் கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சி இருட்டில்தான் முட்டையிடுகிறது. கல்பூத் மாஸ்டர்ஜியிடமே இருக்கிறது. அதன் அடிப்பக்கத்தில் 59 என்று எழுதி, அதன் கீழே சிறிய எழுத்தில், முடி வெட்டிய பின் 58 என்றும் குறித்து வைத்திருக்கிறார்.