புதுப்பிப்பு: சித்திரை வெயிலில் அடை வைத்த கோழி

சித்திரை வெயிலில் நாட்டுக்கோழியை அடை வைக்கலாமா, எல்லாம் பொரிக்காமல் கூமுட்டையாகிவிடுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் ஆடி வரை பொறு என்றீர்கள், மீதிப் பேர் ஈர மணலில் வை என்றீர்கள். ஈர மணல்தான் வைத்தோம்.

அகலமான மண்சட்டியில் ஆற்று மணலைப் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து, மேலே வைக்கோல். மாட்டுக்கொட்டகையில் வெயில் படாத மூலை. அம்மா வழக்கம்போலக் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் போட்டார் (இடி இடித்தால் முட்டை கெடாதாம், நான் வாதாடவில்லை). ஏழாம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கரு கூடியவற்றில் சிலந்தி கால் விரித்த மாதிரி சிவப்பு நரம்புகள். ஒன்றுமே தெரியாத மூன்றை எடுத்துவிட்டேன். மிச்சம் பத்தில் எட்டு பொரித்தது. இந்த வெயிலுக்கு இது நல்ல கணக்குதான்.

அப்புறம், வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் தடுக்க லசோட்டா என்ற சொட்டு மருந்து. குஞ்சுக்கு 7 நாள் ஆனதும் கண்ணில் ஒரு சொட்டு. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும், கரைத்தால் 2 மணி நேரத்துக்குள் விட்டு முடிக்க வேண்டும். குப்பி 100 கோழிக்கானது, அதனால் பக்கத்துத் தோட்டத்துக் குஞ்சுகளுக்கும் சேர்த்தே விட்டோம்.

இப்போது தாய்க்கோழி மொத்தப் படையோடு கத்தரிப் பாத்தியைக் கிளறித் தள்ளுகிறது. பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். கூண்டுக்கு மேலேயும் அதே வலை, பருந்துக்குப் போதும். கீரிக்கு என்ன செய்கிறீர்கள்?