முதல் ஆல்பத்துக்குக் கையெழுத்துப் போடலாமா? காரைக்குடி ராக் குழுவின் கேள்வி

கோட்டையூர் பேஸ்:
காரைக்குடியில் நான்கு பேர் சேர்ந்து தமிழில் ராக் வாசிக்கிறோம். எங்கள் முதல் ஆல்பத்தை வெளியிடச் சென்னையின் சிறிய சுயாதீன இசை நிறுவனம் ஒன்று முன்வந்திருக்கிறது. ஒலிப்பதிவுச் செலவு அவர்களுடையது. செலவு போக லாபத்தில் பாதி எங்களுக்கு. உறுத்துவது ஒரே ஒரு வரிதான்: மூல ஒலிப்பதிவின் உரிமை என்றென்றைக்கும் நிறுவனத்தையே சேரும். கையெழுத்துப் போடலாமா?

தேவகோட்டை ரஸ்தா:
யோசிக்காமல் போடுங்கள் தம்பி. நம் பக்கத்துக் கல்யாணங்களிலும் திருவிழாக்களிலும் மேடை ஏறினால் சினிமாப் பாட்டுத்தான் கேட்கிறார்கள். சொந்தப் பாட்டை நம்பிப் பணம் போட ஒருவர் வருவதே அபூர்வம். அமெரிக்காவின் சியாட்டிலில் சப் பாப் என்ற சிறிய இசை நிறுவனம் இல்லாவிட்டால் நிர்வாணா ராக் குழுவை யார் அறிந்திருப்பார்கள்? 1989-இல் அவர்களின் முதல் ஆல்பமான ‘ப்ளீச்’சை வெளியிட்டது அந்த நிறுவனம். இங்கிலாந்துப் பத்திரிகையாளர் ஒருவரைத் தன் செலவில் வரவழைத்துத் தன் ஊர்க் குழுக்களைப் பற்றி எழுதவைத்தது. கடனில் தத்தளித்துக்கொண்டே செய்த வேலை அது. அப்படி உழைப்பவருக்கு உரிமை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

பள்ளத்தூர்க்காரி:
அண்ணன் சொன்னது பாதிக் கதை. ‘ப்ளீச்’ ஒலிப்பதிவுக்கான 606 டாலர் 17 சென்ட்டைக் கொடுத்தது சப் பாப் அல்ல, அப்போது குழுவில் சேர்ந்த ஜேசன் எவர்மன். அதில் ஒரு ஸ்வரம்கூட வாசிக்காதவர். நன்றிக்காக அவரைக் கிட்டார் கலைஞர் என்று உறையில் போட்டார்கள். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்று வற்புறுத்தியதும் குழுதான். பிறகு அவர்கள் பெரிய நிறுவனத்துக்குப் போனபோது, அந்தக் காகிதம் இருந்ததால்தான் சப் பாப்புக்கு 75,000 டாலரும் அடுத்த ஆல்பங்களின் விற்பனையில் பங்கும் கிடைத்தன. திவாலாக இருந்த நிறுவனம் பிழைத்தது.

அதனால் எழுதிக்கொள்வதை நான் எதிர்க்கவில்லை. முடிவுத் தேதி இல்லாமல் எழுதுவதைத்தான் எதிர்க்கிறேன். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கடை பார்க்கப் போன ஏஜெண்டுகளுக்கு நம் ஊர் முதலாளிகள் மூன்று ஆண்டுக் கணக்கில்தான் சம்பளச் சீட்டு எழுதினார்கள். ஆயுளுக்கும் எழுதிக் கேட்கவில்லை.

கானாடுகாத்தான்:
இங்கிலாந்தில் மான்செஸ்டரின் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் இசை நிறுவனத்தை மறந்துவிட்டீர்களே. பாடல்கள் எல்லாம் இசைக் கலைஞர்களுக்கே சொந்தம், நிறுவனத்துக்கு எதுவும் இல்லை என்பதுதான் அவர்களின் ஏற்பாடு. 1992-இல் அது நொடித்தபோது வாங்க வந்த பெரிய நிறுவனத்துக்கு விற்க அவர்களிடம் உரிமை எதுவும் இல்லை. ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் பாடல்கள் குழுக்களிடமே நின்றன. அப்படிப்பட்ட மனிதர்களைத் தேடுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
நொடித்துப்போன நிறுவனமா முன்மாதிரி? சிகாகோவின் ‘டச் அண்ட் கோ’ இசை நிறுவனத்தையும் பாருங்கள். வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம், செலவு போகச் சரிபாதி. பல ஆண்டுகள் ஒழுங்காகப் பணம் கொடுத்தார்கள். பட்ஹோல் சர்ஃபர்ஸ் குழு புகழ்பெற்ற பிறகு பழைய ஆல்பங்களைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டது. 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் குழுவின் பக்கமே நின்றது. யாரும் திரும்பிப் பார்க்காத காலத்தில் தூக்கிச் சுமந்தவனுக்குக் கிடைத்த மரியாதை அது! எந்த நிறுவனமும் நிரந்தர உரிமை கேட்பது பேராசையால் அல்ல, இந்தப் பயத்தால்தான்.

பள்ளத்தூர்க்காரி:
அவர்கள் பயம் நியாயமானது. அதற்கு என்றென்றைக்குமான உரிமை மருந்தாகாது.

காரைக்குடியில் கிராமபோன் இசைத்தட்டு விற்ற குடும்பத்துப் பிள்ளை ஏ.வி. மெய்யப்பன். பாரதியார் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை பின்னாளில் அவரிடம் வந்து சேர்ந்தது. கவிஞர் மறைந்து கால் நூற்றாண்டு ஆன பிறகும், வேறொருவர் தம் படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது சட்டத் தகராறு வந்தது. 1949-இல் மெய்யப்பன் பணம் எதுவும் வாங்காமல் அந்த உரிமையை அரசுக்கு விட்டுக்கொடுத்தார். அது அவர் பெருந்தன்மை. கோட்டையூர்த் தம்பி எல்லா முதலாளியும் அப்படியே செய்வார் என்று நம்பியா கையெழுத்துப் போடுவது? நிறுவனம் நாளை கைமாறினால் உங்கள் குரலும் சேர்ந்து கைமாறும்.

கோட்டையூர் பேஸ்:
ஏழு ஆண்டு என்று கேட்கப்போகிறோம். அதன்பின் மூலப் பதிவு எங்களுக்குத் திரும்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். இன்னொன்று, ‘இதர விளம்பரச் செலவுகள்’ என்று தொகையே இல்லாமல் ஒரு வரி இருக்கிறது. அதற்கு உச்சவரம்பு கேட்போம். அந்த வரி அப்படியே நின்றால் லாபம் என்ற ஒன்று எங்கள் கண்ணில் படவே படாது.

தேவகோட்டை ரஸ்தா:
உச்சவரம்பு கேளுங்கள், அதில் எனக்கும் சம்மதம். ஏழு ஆண்டுக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள் தம்பி. இணையத்தில் கேட்பவர்களிடமிருந்து வருவது சில்லறை, போட்ட பணம் திரும்பவே நாளாகும். பத்து என்று எழுதுங்கள். முன்னதாகவே போட்ட பணம் திரும்பிவிட்டால் ஏழாம் ஆண்டிலேயே பதிவு உங்களுக்கு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்க்காரி:
சேர்க்கலாம். ஆனால் பணம் திரும்பியதா என்று பார்க்கக் கணக்குப் புத்தகத்தைக் குழுவும் புரட்டலாம் என்பதையும் அதே பத்தியில் எழுதி வாங்குங்கள்.