கண்மாய்க்குப் பணமா, காப்பீட்டுக்கா? ராமநாதபுரம் மானாவாரி பற்றி ஒரு விவாதம்

கரிசல்காடு: 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அறிவிச்சாங்க. அந்த வருஷம் கண்மாயை, அதாவது பாசன ஏரியை, எவ்வளவு ஆழமாத் தூர்வாரியிருந்தாலும் எதை வச்சு நிறைக்கிறது? நேரடி விதைப்புல நெல் போடுறவனுக்கு அடுத்த வருஷ விதைக்குக் காசு வேணும். கண்மாயைச் சீர்பண்ற மராமத்துப் பணத்தைப் பயிர்க் காப்பீட்டுக்குத் திருப்பணும்.

மடைவாய்: அந்தக் காசு எப்ப வருதுண்ணே? ரபி நெல்லுக்கு நம்ம பங்கு பிரீமியம் 1.5 சதவீதம்தான், சரி. ஆனா என் வயல் காஞ்சதுன்னு தர மாட்டாங்க. ஊர்ல நாலு வயல்ல அறுத்து எடை போட்டு வர்ற சராசரிதான் கணக்கு. போர்வெல் வச்சிருக்கவனும், தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடைக்காரனும் அதுல ஒண்ணு. என்ன பயிர் போட்டோம்னு வி.ஏ.ஓ. தர்ற அடங்கலுக்கு அலைஞ்சு, பணம் ஏறுறதுக்குள்ள அடுத்த விதைப்பே முடிஞ்சிருது.

கரிசல்காடு: தாமதத்தைச் சரி பண்ணலாம் தம்பி. அதுக்காகத் திட்டமே வேணாமா?

மடைவாய்: கோளாறு திட்டத்துக்குள்ளயே இருக்கு. உத்தரவாத மகசூலைக் கடந்த 7 வருஷத்தை வச்சுப் போடுறாங்க. அதுல மகசூல் ரொம்பக் குறைஞ்ச ரெண்டு வருஷத்தைக் கழிச்சிடுவாங்க. மூணாவதும் காஞ்சா அது சராசரிக்குள்ள விழுந்து உத்தரவாதமே இறங்கிரும். அடிக்கடி காயுற ஊருக்குத்தான் நஷ்டம்.

கரிசல்காடு: அது நியாயம். ஆனா மராமத்து நடந்த லட்சணம்? எங்க ஊர்ல கரையில மண்ணை ஏத்தி, சீமைக்கருவேலத்தை மேலாக வெட்டிப் போட்டோ எடுத்தாங்க. தூரோட பிடுங்கலை. திரும்பத் துளிர்த்து நிக்குது.

கலுங்கடி: கரையை விட்டு வெளிய வாங்க. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சு. இனி மழை இப்படி மொத்தமா வந்தா அதைப் பிடிக்க, கண்மாய்க்குத் தண்ணி கொண்டுவர்ற வரத்துக்கால் திறந்திருக்கணும். நம்ம பக்கம் மேல் கண்மாய் நிறைஞ்சு, உபரித் தண்ணி போற கலுங்கு வழிஞ்சாத்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணி. நடுவுல ஒருத்தர் வரத்துக்காலை உழுது வயலோட சேர்த்துட்டார்னா கீழ உள்ள ஊரெல்லாம் காயும். சர்வேயரைக் கூட்டிட்டுப் போய் அளந்தா அடிதடி. ஜேசிபியை வச்சுக் கரையில மண் போட்டா சண்டை இல்ல, பில்லும் பாஸாகும்.

கரிசல்காடு: வரத்துக்காலை மீட்டாச்சுன்னே வைங்க. 2016 மாதிரி திரும்ப வந்தா?

கலுங்கடி: அப்பக் காப்பீடு வேணும், மறுக்கல. கூடவே நெல்லைக் குறைங்க. குதிரைவாலின்னு சிறுதானியம் இருக்கு, மூணு மாசத்துல வந்துரும், தண்ணியும் கம்மி.

மடைவாய்: நெல்லுன்னா கொள்முதல் நிலையத்துல கொண்டுபோய்ப் போடலாம். குதிரைவாலியை வியாபாரி சொன்ன விலைக்குத்தானே தள்ளணும்? அதுக்கு ஒரு வழி சொல்லுங்க, அடுத்த புரட்டாசியில பாதி வயல்ல விதைக்கிறேன்.