ஜிப்சம் சுவருக்குள் குழாய் இல்லாமல் ஒயர் விடலாமா?

எலக்ட்ரிக்கல் வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். சிங்கப்பூர் ஈசூனில் பழைய வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. ஹாலைத் தடுத்து மகனுக்குப் படிப்பறை கட்டுகிறோம். ஜிப்சம் பலகைச் சுவர், உள்ளே இரும்புச் சட்டம், சத்தம் கேட்காமலிருக்க நடுவில் ராக்வூல் (கல்லை உருக்கிச் செய்த பஞ்சு). ஒரு பக்கப் பலகை இன்னும் அடிக்கவில்லை, அதனால்தான் அவசரம்.

அதில் இரண்டு 13 ஆம்பியர் பிளக் பாயிண்ட் வேண்டும். "உள்ளே காலிதானே, குழாய் எதற்கு?" என்கிறார் கான்ட்ராக்டர். போய்ப் பார்த்தால், சட்டத்தில் வெட்டிய ஓட்டையின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கிறது; ஒயர் அதில் உரசிக்கொண்டு சாய்வாகப் போகிறது. மேல்தோல் அறுந்தால் சட்டம் முழுக்கக் கரண்ட் பாயும். கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் ஆர்சிசிபி இருக்கிறதே என்கிறார். அது கடைசிக் காவல்தானே ஐயா! நாளைக்கு அலமாரி மாட்ட ட்ரில் போடுகிறவருக்கு, சாய்வாக ஓடும் ஒயர் எங்கே இருக்கிறதென்று எப்படித் தெரியும்?

பிவிசி குழாய்க்குள், பாயிண்ட்டுக்கு நேர் மேலே செங்குத்தாக, ஓட்டைகளுக்கு ரப்பர் வளையம் போட்டு இழுக்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன். சரிதானா? ராக்வூல் மூடினால் ஒயரின் சூடு எளிதில் வெளியேறாது, அதற்காக 2.5க்குப் பதில் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட வேண்டுமா, குழாயை ராக்வூலுக்கு வெளியே ஒதுக்கினாலே போதுமா?

அப்புறம், எரிசக்திச் சந்தை ஆணைய உரிமம் உள்ள எலக்ட்ரீசியன், பலகை மூடுமுன் வந்து சோதிப்பாரா? ஈசூன் பக்கம் யாரையாவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். அதுவரை பலகை அடிக்க விடமாட்டேன்.