புதுப்பிப்பு: பைரன் வைட் அஞ்சலிக் குறிப்பில் ஒரு திருத்தம்

கொலராடோ பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து வீரராக இருந்து, வழக்கறிஞராகி, அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதியானவர் பைரன் வைட். அவரைப் பற்றிய முந்தைய இழையில், 1938-ல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற தொழில்முறைக் கால்பந்து அணிக்கு ஆடினார் என்று எழுதியிருந்தேன். தவறு. அப்போது அணியின் பெயர் பைரேட்ஸ்; 1940-ல்தான் ஸ்டீலர்ஸ் ஆனது. அவ்வூர் பேஸ்பால் அணிக்கும் பைரேட்ஸ் என்றே பெயர் என்பதால் குழப்பம் கூடுகிறது. 1938-ல் பந்தோடு ஓடி அவர் எடுத்தது 567 கெஜம், லீகிலேயே முதலிடம்.

அஞ்சலி எழுதுவோர் சட்டப் பகுதியை ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் கடற்படைப் பணி, 1946-ல் யேல் சட்டப் பட்டம், டென்வரில் பத்தாண்டுக்கும் மேல் வக்கீல் தொழில், 1962 முதல் 1993 வரை நீதிபதி. ‘விஸ்ஸர்’ என்ற பட்டப்பெயர் அவருக்குப் பிடித்ததில்லை. தலைப்பில் முழுப்பெயரையே போடுங்கள்.